குறியாக்கப்பட்ட காப்புக் களஞ்சியத்தை ப்ராக்ஸி வழியாகப் பகிர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் (வணிகம் செய்யப்) போன காலத்துப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்தங்கள்), கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைக்கும் வழக்கம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது பரவியிருக்கிறது. ஸ்கேன் செய்தவர் சென்னையில் இருப்பார். பங்காளிகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். ஊர்வீட்டில் ஒரு சிறு கணினியும் அதனோடு ஒரு 4 டிபி வட்டும் இருக்கும். அந்த வட்டில் எல்லோருடைய காப்புப்பிரதிகளும் குறியாக்கத்துடன் வந்து சேர வேண்டும் என்பதே தேவை. குறியாக்கிக் காப்பெடுக்கும் ரெஸ்டிக் என்னும் இலவச மென்பொருள், வந்து சேர்வதை வட்டிலுள்ள களஞ்சியத்தில் வாங்கி வைக்கும் அதன் துணையான ரெஸ்ட்-சர்வர், முன்னால் வேண்டுகோள்களை வாங்கிக் கடத்தும் இடைநிலை சர்வரான ஒரு ப்ராக்ஸி என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, இது தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ப்ராக்ஸி எதற்கு? வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டை (வெளி இணைப்பு நுழையும் வாயிலை) திறந்துவிட்டால் ஆகாதா?

பல வீடுகளில் திறந்தாலும் பயனிருக்காது. இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், வெளிப்புற முகவரி என்று காட்டப்படும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஏதேனும் ஒன்றில் தொடங்கினால், நீங்கள் அத்தகைய பகிர்வுக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கணினியை நேராகத் தொட முடியாது.

ஆகவே வீட்டுக் கணினியே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்த வேண்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறு சர்வர் ஒன்றை எடுத்து, அதற்கும் வீட்டுக் கணினிக்கும் இடையே வயர்கார்டு என்னும் மென்பொருளால் சுரங்க இணைப்பை (குறியாக்கிய தனிப்பாதையை) அமைத்து, 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி போகும்படி வைத்துவிட்டால் அந்தப் பாதை அறுபடாமல் இருக்கும். வாடகை சர்வரில் என்ஜின்எக்ஸ், கேடி, ஹெச்ஏப்ராக்ஸி ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று ப்ராக்ஸியாக நின்று, வரும் வேண்டுகோள்களைச் சுரங்கத்தின் வழியே வீட்டுக்கு அனுப்பும். ரெஸ்ட்-சர்வர் இயல்பாக 8000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அதை வயர்கார்டு முகவரியில் மட்டும் காத்திருக்கச் செய்ய வேண்டும், எல்லா முகவரிகளிலும் அல்ல.

பொது முகவரி கிடைத்திருக்கும் வீட்டுக்கும் இதே அமைப்பையே பரிந்துரைப்பேன். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் ரவுட்டரை உலகத்துக்குத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ப்ராக்ஸியை நடத்துபவர் எங்கள் பத்திரங்களைப் படிக்க முடியுமா?

முடியாது. ஆனால் அவர் கண்ணில் எதுவுமே படாது என்றும் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ரெஸ்டிக் உங்கள் கணினியிலேயே கோப்புகளை 512 கிபி முதல் 8 எம்பி வரையிலான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கி, இடையில் யாராவது மாற்றியிருந்தால் தெரிந்துவிடும்படி பாலி1305 முத்திரையும் இட்டு, பிறகுதான் வெளியே அனுப்புகிறது. கோப்பின் பெயர், அது இருந்த கோப்புறை, காப்பெடுத்த நேரம் ஆகிய எல்லாமே குறியாக்கத்துக்குள் அடங்கிவிடும். வீட்டு வட்டைத் திறந்து பார்த்தாலும், எஸ்ஹெச்ஏ-256 கணக்கீட்டில் பிறந்த 64 எழுத்து நீளப் பெயர்கள் கொண்ட பொதிகள்தான் (துண்டுகள் பல சேர்த்துக் கட்டிய கோப்புகள்) வரிசையாக இருக்கும். எது பெரியப்பா வீட்டுப் பத்திரம், எது பேரனின் பிறந்தநாள் படம் என்று யாராலும் பிரித்தறிய இயலாது.

எந்தக் கணக்கு, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எத்தனை பைட் அனுப்பியது என்பது ப்ராக்ஸிக்குத் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று, களஞ்சியத்தின் ‘கீஸ்’ என்ற கோப்புறை. அதிலுள்ள ஒவ்வொரு சாவிக் கோப்பிலும் அச்சாவியை உருவாக்கிய கணினியின் பெயரும் பயனர் பெயரும் உருவாக்கிய நாளும் குறியாக்கமின்றி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ஆகையால் கணினிக்குப் பெயர் வைக்கும்போது வீட்டு அடையாளத்தையோ விலாசத்தையோ வைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது டிஎல்எஸ் (இணைய வழியில் செல்வதைக் குறியாக்கும் முறை) எங்கே முடிகிறது என்ற கேள்வி. ப்ராக்ஸியிலேயே டிஎல்எஸ் அவிழ்க்கப்பட்டால், ரெஸ்ட்-சர்வருக்கான பயனர் பெயரும் நுழைவுக் கடவுச்சொல்லும் ப்ராக்ஸியின் நினைவகத்தில் வெளிப்படையாகக் கடந்து செல்லும். அவற்றை எடுத்துக்கொண்ட ஒருவர் களஞ்சியம் முழுவதையும் பதிவிறக்கி, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு குறியாக்கக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். ரெஸ்டிக் பயன்படுத்தும் எஸ்கிரிப்ட் என்னும் முறை ஒவ்வோர் ஊகத்தையும் மெதுவாக்கும். என்றாலும் குலதெய்வத்தின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லுக்கு அந்தத் தாமதம் பெரிய காவலாகாது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் ப்ராக்ஸி டிஎல்எஸ்ஸை அவிழ்க்காமல் அப்படியே கடத்தும்படி அமைக்கலாம். என்ஜின்எக்ஸில் ‘ஸ்ட்ரீம்’ பகுதியிலும் ஹெச்ஏப்ராக்ஸியில் டிசிபி நிலையிலும் இது இயலும். இணைப்பின் தொடக்கத்தில் வரும் டொமைன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதை வீட்டுக்குத் தள்ளிவிடும். சான்றிதழும் அதன் தனிச்சாவியும் வீட்டுக் கணினியில் இருக்கும். வாடகை சர்வர் உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் இருந்தால் ப்ராக்ஸியிலேயே அவிழ்ப்பது நிர்வாகத்துக்கு எளிது. ப்ராக்ஸியை வேறொருவர் கவனிக்கிறார் என்றால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், கடத்தும் முறையையே கைக்கொள்ளுங்கள்.

தரவுதான் குறியாக்கப்பட்டிருக்கிறதே, டிஎல்எஸ் இல்லாமல் விட்டுவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன நுழைவுக் கடவுச்சொல் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் செல்கிறது. டிஎல்எஸ் இல்லாவிட்டால் வழியில் இருப்பவர் எல்லோரும் அதைப் படிக்கலாம். ப்ராக்ஸிக்கும் வீட்டுக்கும் இடையிலான பகுதிக்கு வயர்கார்டின் குறியாக்கமே போதுமானது.

பங்காளிகள் எல்லோரும் ஒரே களஞ்சியத்தைப் பயன்படுத்தலாமா, ஆளுக்கு ஒன்று வேண்டுமா?

இரண்டும் இயலும், ஆனால் பின்விளைவுகள் வேறு வேறு. செட்டிநாட்டு வீட்டில் வளவு (நடுமுற்றப் பகுதி) எல்லோருக்கும் பொது; அதைச் சுற்றிலும் புள்ளிக்கு (ஒவ்வொரு தம்பதி குடும்பத்துக்கும்) ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. ரெஸ்ட்-சர்வரில் ‘பிரைவேட்-ரெப்போஸ்’ என்ற தேர்வை இயக்கினால் கிடைப்பது ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். வட்டும் ப்ராக்ஸியும் டொமைனும் பொது; ஆனால் ஒவ்வொருவரும் தம் பயனர் பெயரில் தொடங்கும் பாதைக்குள் மட்டுமே நுழைய முடியும், ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் தனிக் குறியாக்கக் கடவுச்சொல் இருக்கும்.

ஒரே களஞ்சியத்தை எல்லோரும் பகிர்ந்தால் இடம் மிச்சமாகும். ஒரே கல்யாண ஆல்பம் ஐந்து பேர் கணினியில் இருந்தாலும், ஒரே துண்டு இரண்டாம் முறை வரும்போது ரெஸ்டிக் அதை மீண்டும் சேமிக்காது. ஆனால் அந்தக் களஞ்சியத்தின் கடவுச்சொல்லை அறிந்த ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய கோப்புகளையும் படிக்கலாம். ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்துக்கொள்ள ரெஸ்டிக் அனுமதிக்கிறது என்றாலும், எல்லாக் கடவுச்சொற்களும் திறப்பது ஒரே மூலச்சாவியைத்தான்.

பொதுச் சொத்தான பேரேடுகள், பழைய படங்கள் ஆகியவற்றுக்கு ஒரு பொதுக் களஞ்சியம். ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்குத் தனித்தனிக் களஞ்சியம் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. இன்றைய வட்டு விலையில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

பொதுக் களஞ்சியத்திலிருந்து ஒருவரை விலக்க வேண்டுமானால் அவருடைய கடவுச்சொல்லை நீக்கினால் போதுமா?

போதாது. கடவுச்சொல்லை நீக்குவது அந்தச் சாவிக் கோப்பை அழிப்பதே தவிர மூலச்சாவியை மாற்றுவதாகாது. சாவிக் கோப்பின் நகலை அவர் முன்பே எடுத்து வைத்திருந்தால், களஞ்சியம் கைக்குக் கிடைக்கும் வரை அவரால் அதைத் திறக்க முடியும். முதலில் ரெஸ்ட்-சர்வரின் பயனர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள்; அதனால் களஞ்சியம் அவர் கைக்கு எட்டாமல் போகும். பிரச்சினை முற்றிய நிலை என்றால், புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, ‘காப்பி’ கட்டளையால் ஸ்னாப்ஷாட்டுகளை (ஒவ்வொரு முறை எடுத்த காப்பின் பதிவுகளை) அதற்கு மாற்றிக்கொண்டு, பழையதைக் கைவிடுங்கள். ஏற்கெனவே அவர் பதிவிறக்கியதைத் திரும்பப் பெற எந்த மென்பொருளாலும் ஆகாது.

ஒருவர் கணினியில் வைரஸ் புகுந்தால் களஞ்சியமும் அழிந்துவிடுமா?

தடுப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் அழியக்கூடும். குறியாக்கம் படிப்பதைத்தான் தடுக்கிறது, அழிப்பதைத் தடுப்பதில்லை. காப்பெடுக்கும் கணினியில் நுழைவுக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணினியைக் கைப்பற்றிய தீம்பொருள் அதே கடவுச்சொல்லைக் கொண்டு களஞ்சியத்தை முழுதாக நீக்கிவிடலாம்.

இதற்குத்தான் ரெஸ்ட்-சர்வரில் ‘அப்பெண்ட்-ஒன்லி’ என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் புதிய பொதிகளைச் சேர்க்கலாம், இருப்பவற்றைப் படிக்கலாம். தற்காலிகப் பூட்டுக் கோப்புகளைத் தவிர எதையும் நீக்க முடியாது. இந்தத் தேர்வு இல்லாமல் களஞ்சியத்தை இணையத்தில் வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை எப்படிக் கழிப்பது? வீட்டுக் கணினியில் உள்ளேயிருந்து, ரெஸ்ட்-சர்வரைத் தொடாமல், வட்டிலுள்ள பாதையை நேராகக் கொடுத்து ‘ஃபர்கெட்’ (ஸ்னாப்ஷாட்டை நீக்குவது), ‘ப்ரூன்’ (இனி தேவைப்படாத தரவை அழிப்பது) ஆகிய கட்டளைகளை இயக்க வேண்டும். இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, அதற்குக் குறியாக்கக் கடவுச்சொல் வேண்டும். வசதிக்காக அதை வீட்டுக் கணினியிலேயே கோப்பாக எழுதி வைத்தால், கணினியைத் தூக்கிக்கொண்டு போகும் திருடனுக்கு வட்டோடு கடவுச்சொல்லும் சேர்ந்தே கிடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயர்கார்டு வழியே எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழியில்) நுழைந்து, கடவுச்சொல்லைக் கையால் தட்டச்சிட்டுச் செய்துவிட்டு வெளியேறுவது போதும், தானியங்கியாக்கத் தேவையில்லை.

மற்றொன்று, கோப்பு உரிமை. ரூட் பயனராக (முழு அதிகாரம் கொண்ட பயனராக) ‘ப்ரூன்’ இயக்கினால் புதிதாக எழுதப்படும் பொதிகள் ரூட்டின் பெயரில் அமைந்துவிடும். மறுநாள் ரெஸ்ட்-சர்வரால் அவற்றைப் படிக்க முடியாமல், சிங்கப்பூரில் இருப்பவருக்கு விளங்காத பிழைச்செய்தி வரும். ரெஸ்ட்-சர்வர் எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறதோ அதே பெயரில் இயக்குங்கள்.

கழிப்பதற்கு முன் ஸ்னாப்ஷாட் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்ப்பதும் அவசியம். எதையும் நீக்க வழியில்லாத தாக்குநர், வெற்று ஸ்னாப்ஷாட்டுகளை ஏராளமாகச் சேர்த்துவிட்டு, ‘கடைசிப் பத்தை வைத்துக்கொள்’ என்ற உங்கள் விதியே நல்லவற்றைத் தள்ளிவிடும் என்று காத்திருக்கலாம். வருங்காலத் தேதியோ அறியாத கணினிப் பெயரோ தென்பட்டால், காரணம் தெரியும் வரை எதையும் கழிக்காதீர்கள்.

413 என்ற பிழை வருகிறது. என்ன செய்வது?

என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட வேண்டுகோளை ஏற்காது. ரெஸ்டிக்கின் பொதியோ ஏறத்தாழ 16 எம்பி இருக்கும். வேண்டுகோளின் உச்ச அளவுக்கான அமைப்பில் 0 என்று கொடுத்தால் வரம்பு நீங்கிவிடும். அதோடு, வேண்டுகோளை முழுதாக வாங்கிச் சேமித்த பிறகே அனுப்பும் இடைத்தேக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வாடகை சர்வரின் சிறிய வட்டில் ஒவ்வொரு பொதியும் தேவையில்லாமல் ஒருமுறை எழுதப்படும். இணைப்பு மந்தமான வீடுகளுக்கு, 60 விநாடி என்றிருக்கும் காத்திருப்பு நேரங்களையும் கூட்டுவது நல்லது.

முதல் காப்பு முடிய எவ்வளவு நாளாகும்?

ஏ4 அளவுப் பேரேட்டுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐ வண்ணத்தில் சுருக்கமில்லாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 100 எம்பி வரும்; 400 பக்கப் பேரேடு ஒன்றே 40 ஜிபி ஆகிவிடும். 500 ஜிபியை 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாடகை சர்வருக்கு மாதப் போக்குவரத்து வரம்பு இருந்தால் அதையும் இது தின்றுவிடும்.

முதல் காப்பை ப்ராக்ஸி வழியாக எடுக்காமல் இருப்பதே மேல். விடுமுறைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது மடிக்கணினியைக் கொண்டுவந்து, வீட்டு நெட்வொர்க்கிலேயே நேராக ரெஸ்ட்-சர்வருக்கு எடுத்துவிடுங்கள். அடுத்த முறை சென்னையிலிருந்து ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுத்தாலும் அது அதே களஞ்சியம்தான். மாறிய துண்டுகள் மட்டுமே செல்லும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களும், ஐப்பசி மழையில் இடியோடு துண்டிக்கப்படும் இரவுகளும் நமக்குப் புதியவை அல்ல. ஒவ்வொரு பொதியும் தனி வேண்டுகோளாகச் செல்வதால், பாதியில் நின்ற பொதி மட்டுமே வீணாகும். சேர்ந்த பொதியின் உள்ளடக்கம் அதன் பெயரோடு பொருந்துகிறதா என்று ரெஸ்ட்-சர்வர் சரிபார்த்த பிறகே ஏற்கிறது. கட்டளையை மீண்டும் இயக்கினால், ஏற்கெனவே வந்து அட்டவணையில் பதிந்தவற்றை விட்டுவிட்டு ரெஸ்டிக் தொடரும்.

பூட்டுக் கோப்பு ஒன்று எஞ்சியிருக்கலாம். 30 நிமிடத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாத பூட்டைப் பழையதாகக் கருதி ‘அன்லாக்’ கட்டளை நீக்கிவிடும். காப்பெடுப்பவர்கள் ஒரே நேரத்தில் பலராக இருக்கலாம். ‘ப்ரூன்’ போன்ற கட்டளைகள் இயங்கும்போது வேறு யாரும் இயங்க முடியாது. வீட்டுக் கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வைப்பது வட்டின் ஆயுளுக்கு நல்லது.

அலுவலக நெட்வொர்க்கில் ஒரு ப்ராக்ஸி இருக்கிறது. அங்கிருந்து காப்பெடுக்கலாமா?

தொழில்நுட்பத்தில் தடையில்லை. சூழல் மாறியில் அலுவலக ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுத்தால் ரெஸ்டிக் அதன் வழியே செல்லும். சில அலுவலகங்கள் டிஎல்எஸ்ஸை அவிழ்த்துச் சோதித்துவிட்டுத் தங்கள் சான்றிதழோடு மறுபடி கட்டி அனுப்புகின்றன. அங்கே சான்றிதழ்ப் பிழை வரும். அலுவலகச் சான்றிதழை ஏற்கும்படி ரெஸ்டிக்கிடம் சொல்ல முடியும் என்றாலும், அப்படிச் செய்தால் உங்கள் நுழைவுக் கடவுச்சொல் அலுவலகத்தின் பார்வைக்குப் போய்விடும். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்வது நல்லது.

குறியாக்கக் கடவுச்சொல் தொலைந்துவிட்டால் மீட்க வழி உண்டா?

இல்லை. தாளில் எழுதி, பத்திரங்களோடு இரண்டு வீடுகளில் வையுங்கள்.

ஊர்வீட்டில் ஒரே பிரதி இருப்பது போதுமா?

போதாது. கறையானும் மழையொழுக்கும் தாளை அழித்தது போலவே வட்டையும் ஒருநாள் காலம் அழிக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் அவர் காலத்துக்குப் பின் சென்னைக்கு வந்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றபோது, அவற்றை மைக்ரோஃபிலிமில் பிரதியெடுப்பதும் அந்தப் பணியின் முக்கியப் பகுதியாக இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

குறியாக்கப்பட்ட களஞ்சியத்துக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. அது வெறும் கோப்புகளின் தொகுப்பு. ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு அப்படியே இன்னொரு வட்டுக்கு நகலெடுக்கலாம், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. தேவகோட்டையிலுள்ள உறவினர் வீட்டில் அந்த வட்டை வைத்தால், உள்ளே இருப்பதை அவர் அறியாமலே அதைக் காத்துக்கொள்வார்.

இருப்பது சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘செக்’ கட்டளைக்கு மாதந்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்குத் தரவைப் படிக்கச் சொன்னால், முதல் மாதம் 1/12, அடுத்த மாதம் 2/12 என ஓராண்டில் முழுக் களஞ்சியமும் ஒருமுறை படிக்கப்பட்டுவிடும். இதை ப்ராக்ஸி வழியாகச் செய்யாமல் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பேரேட்டை முழுதாக மீட்டெடுத்து, பக்கங்களைத் திறந்து பாருங்கள்.

வாடகை சர்வர் நின்றுபோனால் காப்புப்பிரதிகளின் கதி என்ன?

ஒன்றும் ஆகாது. ப்ராக்ஸியில் எந்தத் தரவும் தங்குவதில்லை. வேறொரு வாடகை சர்வரை எடுத்து, ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பையும் வயர்கார்டு அமைப்பையும் அதில் இட்டு, வீட்டுக் கணினியில் புதிய முகவரியைக் குறிப்பிட்டு, டொமைனின் டிஎன்எஸ் பதிவை (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவை) மாற்றினால் வேலை முடிந்தது. காப்பெடுப்பவர்கள் தங்கள் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த அமைப்புக் கோப்புகளின் பிரதி வீட்டுக் கணினியில் இருக்கட்டும். வாடகையைவிட டொமைன் புதுப்பிப்பையே கவனமாகப் பாருங்கள்: அது காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால், அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழும் அவரே பெறலாம், உங்கள் கணினிகள் நுழைவுக் கடவுச்சொல்லை அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கும். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, நினைவூட்டல் மின்னஞ்சல் குறைந்தது இரண்டு பங்காளிகளுக்குப் போகும்படி வையுங்கள்.